உல்லாசப் படகில் பீரங்கி பொருத்தினால் போர்க்கப்பல் ஆகிவிடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் முதல் உலகப் போர்க் காலத்து மோட்டார் படகுகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வசதியுள்ளவர்கள் விடுமுறை நாளில் உலாப் போக வைத்திருந்த படகுகளைப் போருக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கடற்படைகள் ஆராய்ந்தன என்பதுதான் விஷயம். அந்த நாலு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அதனால் இந்த இதழில் முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: உண்மையிலேயே எடுத்துக்கொண்டார்களா, இல்லை வெறும் யோசனையோடு நின்றுபோனதா?

பதில்: இரண்டும் நடந்தது. பெட்ரோல் மோட்டார் படகு என்பதே அப்போது புதுச் சங்கதி. 1903இல் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பைக்கான முதல் பந்தயம் நடந்தபோது வென்ற நேப்பியர் படகின் வேகம் மணிக்கு 20 மைலைக்கூடத் தொடவில்லை. அடுத்த பத்து வருஷத்தில் கார் வாங்குகிறவர்கள் மோட்டார் படகும் வாங்கத் தொடங்கியிருந்தார்கள், அதற்கென்று கிளப்புகளும் வந்துவிட்டன. 1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியதும் இந்தக் கிளப்காரர்களில் பலர் தாங்களாகவே முன்வந்து, படகையும் கொடுத்து அதை ஓட்டத் தங்களையும் கொடுத்தார்கள். ராயல் நேவல் மோட்டார் போட் ரிசர்வ் என்ற பிரிவு அவர்களைக் கொண்டுதான் உருவானது. துறைமுக வாசலில் காவல் இருப்பது, உள்ளே வருகிற கப்பலைப் பரிசோதிக்கும் அதிகாரிகளைக் கொண்டுபோய் விடுவது, ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு ஆணைகளைச் சுமப்பது என்று பெயர் வெளியில் வராத வேலைகள் அவர்களுடையவை.

அமெரிக்காவில் இதைக் கொஞ்சம் முறையாகச் செய்தார்கள். 1916 ஆகஸ்ட் 29இல் வந்த கடற்படைச் சட்டம் கரையோரப் பாதுகாப்புக்கென ஒரு ரிசர்வ் பிரிவை உண்டாக்கியது. அதன் பிறகு ஒவ்வொரு கடற்படை மாவட்டத்திலும் அதிகாரிகள் தனியார் படகுகளைப் பார்வையிட்டுப் பட்டியல் போட்டார்கள். செக்‌ஷன் பெட்ரோல், அதாவது பகுதி ரோந்து, என்பதன் சுருக்கமாக ‘எஸ்.பி.’ என்று போட்டு ஒரு எண் கொடுப்பார்கள். 1917 ஏப்ரல் 6இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அந்தப் பட்டியலிலிருந்து படகுகளை எடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் எண் கிடைத்த படகெல்லாம் சேவைக்குப் போய்விடவில்லை. எண்ணோடு காகிதத்திலேயே நின்றுபோன படகுகள் ஏராளம். பார்த்தார்கள், அளந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், அடுத்த கேள்வியும் அதுதான்.

கேள்வி: நல்ல படகு, நல்ல இன்ஜின், ஓட்டத் தெரிந்த ஆள் எல்லாம் இருந்தும் ஏன் தள்ளினார்கள்?

பதில்: உல்லாசப் படகு எதற்காகக் கட்டப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல வானிலையில், கரை தெரிகிற தூரத்தில், இரண்டு நாள் போய்த் திரும்ப. அதன் மேல்தளம் நாற்காலி போட்டு உட்கார ஏற்றது. அங்கே ஒரு பவுண்டு எடைக் குண்டைச் சுடுகிற, ‘ஒரு பவுண்டர்’ என்ற மிகச் சின்ன பீரங்கியைக்கூட அப்படியே திருகி வைத்துவிட முடியாது. சுடும்போது பின்னுதைப்பு முழுவதும் பலகைக்குப் போகும், அதனால் கீழே விட்டங்கள் கொடுத்துத் தளத்தைப் பலப்படுத்த வேண்டும். பலப்படுத்தினால் எடை ஏறும், அதுவும் படகின் மேல்பக்கத்தில் ஏறும், அலையில் உருளுவது கூடும். சாய்ந்தாடுகிற தளத்தில் நின்று சின்ன பீரங்கியால் குறி பார்ப்பது எவ்வளவு பயனுள்ள வேலை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் எரிபொருள். ஓர் இரவு முழுக்க ரோந்து சுற்றி, காலையில் கரைக்குத் திரும்பவும் பெட்ரோல் மிச்சம் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டி பல படகுகளில் கிடையாது. நடுவில் ஜன்னல் வைத்த அழகான கேபின் இருக்கும், பெரிய அலை ஒன்று அடித்தால் அந்தக் கண்ணாடி நிற்காது. நாலு பேர் படுக்கிற இடத்தில் எட்டு பேர் மாதக்கணக்கில் இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். அன்றைய உலாப் படகுகளில் பெரும்பாலானவை 10 நாட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) வேகத்தை ஒட்டி ஓடியவை. பெரிய ஜெர்மன் நீர்மூழ்கி நீர்மட்டத்துக்கு வந்து டீசலில் ஓடினால் 15 நாட் வேகத்தை ஒட்டிப் போகும், மேலே 88 மில்லிமீட்டர் பீரங்கியும் இருக்கும். துரத்தப் போன படகு பிடிக்கவும் முடியாது, சண்டை மூண்டால் தப்பவும் முடியாது. பந்தயப் படகுகள் அதைவிட வேகமாகப் போகும்தான், ஆனால் அவை எடையே தாங்காது. ஆய்வு செய்த அதிகாரிகள் கடுமையாக நடந்துகொண்டார்கள் என்று படகு உரிமையாளர்களுக்கு வருத்தம் இருந்திருக்கலாம். என் கருத்தில் அதிகாரிகள் செய்ததே சரி. ஒரு படகை ஏற்றுக்கொள்வது என்றால் அதில் போகிற ஆட்களின் உயிரையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கேள்வி: பெட்ரோலை நிரப்பிக்கொண்டு சண்டைக்குப் போவது ஆபத்து இல்லையா?

பதில்: பெரிய ஆபத்து. மூழ்குவதைவிட அதற்குத்தான் பயந்தார்கள் என்று சொல்வேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. திறந்த வண்டியில் கசிந்தால் காற்றோடு போய்விடும். படகின் அடிப்பகுதியோ மூடிய தொட்டி மாதிரி இருக்கும், வெளியேற வழி கிடையாது. சமையல் கேஸ் கசிந்தால் தரையோடு தங்குகிறதே, அதே கதைதான். இன்ஜினைக் கிளப்பும்போது ஒரு பொறி போதும். அமைதிக் காலத்திலேயே இப்படி வெடித்த படகுகள் உண்டு. இதில் தோட்டா துளைக்கிற தொட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் டீசல் போடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அன்றைய டீசல் இன்ஜின் கனமானது. நீர்மூழ்கிக்குச் சரிப்பட்டது, 60 அடி மரப் படகுக்கு அதே சக்தியில் டீசல் வைத்தால் பாதி படகு இன்ஜினாகவே இருக்கும். நீராவி என்றால் கொதிகலன் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும், புகையும் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். கூப்பிட்டதும் கிளம்ப வேண்டுமானால் பெட்ரோலை விட்டால் வேறு வழியில்லை என்பதால், ஆபத்து தெரிந்தேதான் போனார்கள்.

கேள்வி: உரிமையாளர்களுக்கு வாடகை கொடுத்தார்களா?

பதில்: சிலருக்கு விலை, சிலருக்கு வாடகை. அமெரிக்காவில் பலர் வாடகையே வேண்டாம் என்று இலவசமாகக் கொடுத்தார்கள், சிலர் குத்தகைப் பத்திரத்துக்காக ஒரே ஒரு டாலர் வாங்கிக்கொண்டார்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட படகு ஒன்று நீர்மூழ்கியை மூழ்கடிக்க முடியுமா?

பதில்: தனியாரிடமிருந்து எடுத்த சின்னப் படகை வைத்துக்கொண்டு அது நடக்கும் என்று நம்புவதற்கில்லை. பிரிட்டிஷ் டெப்த் சார்ஜ், அதாவது தண்ணீருக்குள் குறித்த ஆழத்தில் வெடிக்கிற குண்டு, 300 பவுண்டு வெடிமருந்து கொண்டது. அதைப் பின்பக்கம் உருட்டிவிட்டு, வெடிப்பதற்குள் படகு விலகி ஓடியாக வேண்டும். மெதுவான படகு தன் குண்டிலேயே தன் பின்பக்கத்தைப் பிளந்துகொள்ளும். அதனால்தான் மெதுவான கப்பல்களுக்கென்று 120 பவுண்டில் தனி ரகம் செய்தார்கள். நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி வந்த பிறகும் அதைப் பயன்படுத்தத் தன் இன்ஜினை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் சொந்தச் சத்தம்தான் கேட்கும்.

ஆனால் ‘மூழ்கடித்தது எத்தனை’ என்ற ஒரே கணக்கில் இவற்றை எடைபோடாதீர்கள். ஒரு படகு கண்ணில் பட்டாலே நீர்மூழ்கித் தலைவன் பெரும்பாலும் கீழே இறங்கிவிடுவான், இறங்கினால் மின்கலத்தில் மெதுவாகத்தான் ஊர முடியும். அந்த நேரத்தில் ஒரு சரக்குக் கப்பல் தாண்டிப் போய்விடும். காவலின் பயன் இப்படித்தான் இருக்கும், கணக்கில் ஏறாது.

கேள்வி: பழைய படகுகள் உதவாது என்று தெரிந்ததும் என்ன செய்தார்கள்?

பதில்: உல்லாசப் படகு கட்டுகிறவர்களிடமே போய், ‘போருக்கென்றே புதிதாகக் கட்டிக்கொடு’ என்றார்கள். இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பேயோன் நகரில் எல்கோ என்ற நிறுவனம் இருந்தது. ஏரிகளில் சத்தமில்லாமல் ஓடுகிற மின்சாரப் படகுகளால் பெயர் வாங்கிய நிறுவனம். 1915இல் பிரிட்டன் அவர்களிடம் 50 மோட்டார் லாஞ்சுகள் கேட்டது. மே 7இல் லூசிடேனியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த பிறகு இன்னும் 500 வேண்டும் என்றது. 550 படகுகளும் 488 நாட்களில் முடிந்தன. அன்றைக்கு மரப் படகை இந்த எண்ணிக்கையில் கட்டியவர்கள் கிடையாது. ஒவ்வொரு பலகையையும் ஒரே அச்சில் அறுத்து, எந்தத் துண்டும் எந்தப் படகுக்கும் பொருந்துகிற மாதிரி செய்ததால்தான் அது சாத்தியமானது. இன்னொரு சிக்கலும் இருந்தது: அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு, போரிடும் நாட்டுக்குப் போர்ப்படகு கட்டி விற்கக் கூடாது. அதனால் துண்டுகளை ரயிலில் கனடாவுக்கு அனுப்பி, மான்ட்ரியாலிலும் கியூபெக் பக்கத்திலும் பூட்டி முடித்தார்கள். முதல் தொகுதி 75 அடி, மற்றவை 80 அடி. ஆளுக்கு 220 குதிரைத்திறனில் ஸ்டாண்டர்ட் என்ற நிறுவனத்தின் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள், 19 நாட் வேகம், முன்னால் ஒரு மூன்று பவுண்டர். பிறகு இன்னும் 30 சேர்த்து மொத்தம் 580 ஆனது.

அந்த லாஞ்சுகளிலும் குறை இருந்தது. ஒடுக்கமான உடம்பு என்பதால் பயங்கரமாக உருளும், உள்ளே எப்போதும் ஈரம். அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கடற்படை தனக்கு இன்னும் பெரிதாக 110 அடியில் கேட்டது. அப்போது கடற்படைத் துறையின் உதவிச் செயலராக இருந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பின்னாளில் ஜனாதிபதியானவர். சிறு வயதிலிருந்தே படகோட்டிப் பழகியவர், 50 அடிப் படகுகள் மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை. தொழில்முறைக் கடற்படை அதிகாரிகளோ, திறந்த அட்லாண்டிக்கில் 50 அடி எதற்கும் ஆகாது என்றார்கள். கடைசியில் 110 அடி ரகம்தான் வென்றது. அதை வரைந்த ஆல்பர்ட் லோரிங் ஸ்வேசியும் உல்லாசப் படகு வடிவமைப்பாளர்தான். அதே 220 குதிரைத்திறன் இன்ஜின், இதில் மூன்று. மொத்தம் 441 கட்டினார்கள், அதில் 100 பிரான்சுக்குப் போயின. இரும்புக் கப்பல் தளங்கள் எல்லாம் பெரிய போர்க்கப்பல்களில் மூழ்கியிருந்த நேரத்தில், மரவேலை தெரிந்த சின்னச் சின்னப் படகுத் தளங்களில் இவை உருவாயின. மூன்று மூன்றாகப் போய், சேர்ந்தாற்போல் இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்து, மூன்று திசைக் குறிப்புகளையும் வைத்து நீர்மூழ்கி எங்கே என்று கணிப்பார்கள்.

கேள்வி: பந்தயப் படகுகள் எதற்கும் பயன்படவே இல்லையா?

பதில்: படகாக இல்லை, வடிவமாகப் பயன்பட்டது. தார்னிக்ராஃப்ட் நிறுவனம் 1910இல் ‘மிராண்டா IV’ என்ற படகைக் கட்டியது, அடிப்பகுதியில் ஒரு படி வைத்து, வேகம் எடுத்ததும் தண்ணீரின் மேல் சறுக்கிக்கொண்டு போகிற ரகம். 1915இல் ஹார்விச் துறைமுகத்தில் இருந்த பிரெம்னர், ஹாம்ப்டன், ஆன்சன் என்ற மூன்று இளம் லெப்டினன்டுகள், இந்த மாதிரிப் படகில் டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் தானே ஓடிப்போய் வெடிக்கிற குண்டு, வைத்தால் கண்ணிவெடிகளுக்கு மேலாகவே பறந்து எதிரித் துறைமுகத்துக்குள் போய்விடலாம் என்று யோசனை சொன்னார்கள். அடுத்த வருஷமே 40 அடி கோஸ்டல் மோட்டார் போட், சுருக்கமாக சி.எம்.பி., தயாரானது. குரூசர் என்ற நடுத்தரப் போர்க்கப்பலில் தொங்கவிட்டுக் கொண்டுபோக வேண்டும் என்பதால் எடை நாலேகால் டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை.

டார்பிடோவை விட்ட விதம்தான் வேடிக்கை. பின்பக்கப் பள்ளத்தில் தலை முன்னால் பார்த்தபடி டார்பிடோ இருக்கும். அதை வால் முதலில் போகும்படி பின்னால் தள்ளிவிடுவார்கள். தண்ணீரில் விழுந்ததும் படகு போகிற அதே திசையில் படகின் பின்னாலேயே அது ஓடி வரும். படகோட்டி உடனே திருப்பி வழிவிட வேண்டும், தாமதித்தால் தன் டார்பிடோவே தன்னை முட்டும். இப்படிப்பட்ட ஒரு படகில்தான் அகஸ்டஸ் ஏகர் 1919 ஜூன் 17இல் ரஷ்யாவின் க்ரோன்ஷ்டாட் அருகே ‘ஒலெக்’ என்ற குரூசரை மூழ்கடித்து, பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினார்.

இத்தாலியர்கள் இதே வழியில் மாஸ் என்ற டார்பிடோ படகுகளைக் கட்டினார்கள், அவற்றை உருவாக்கியது வெனிஸின் ஒரு மோட்டார் படகு நிறுவனம். 1918 ஜூன் 10இல் லூயிஜி ரிட்சோ அப்படிப்பட்ட படகில் போய் ஆஸ்திரிய-ஹங்கேரியின் ‘செண்ட் இஷ்ட்வான்’ என்ற பெரிய போர்க்கப்பலையே கவிழ்த்தார். மரப் படகு ஒன்று 20,000 டன் கப்பலை வீழ்த்தியது என்றால் இன்றைக்கும் படிக்கும்போது மலைப்பாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ஆப்பிரிக்காவில் ஏரிக்குள் மோட்டார் படகு கொண்டுபோய்ச் சண்டை போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், நிஜமா?

பதில்: நிஜம், டாங்கனிக்கா ஏரி. ‘மிமி’, ‘டூட்டூ’ என்ற இரண்டு 40 அடி மோட்டார் படகுகளை 1915இல் ஜெஃப்ரி ஸ்பைசர்-சிம்சன் தலைமையில் கேப் டவுனுக்குக் கப்பலிலும், அங்கிருந்து ரயிலிலும், அப்புறம் காட்டுக்குள் நீராவி இழுவை வண்டிகளையும் காளைகளையும் பூட்டியும் கொண்டுபோனார்கள். பாதை போடவும் படகை இழுக்கவும் உழைத்த உள்ளூர் ஆப்பிரிக்கர்கள் இல்லாமல் அது ஏரியைப் பார்த்திருக்காது. பல புத்தகங்கள் அவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. டிசம்பர் 26இல் ‘கிங்கானி’ என்ற ஜெர்மன் படகைப் பிடித்தார்கள், 1916 பிப்ரவரி 9இல் ‘ஹெட்விக் ஃபான் விஸ்மான்’ மூழ்கியது. எதிரியும் சிறிதாக, ஏரியும் மூடியதாக இருந்ததால் அங்கே மோட்டார் படகு எடுபட்டது.

கேள்வி: உலாப் படகு ஓட்டியவர்கள் உண்மையான சண்டையில் எப்படி நின்றார்கள்?

பதில்: இதற்கு நீளமாகவே பதில் சொல்ல ஆசை. 1918 ஏப்ரல் 23இல் பெல்ஜியத்தின் ஸேப்ரூகா துறைமுக வாயிலை அடைக்கப் பழைய கப்பல்களை உள்ளே கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். அந்தக் கப்பல்களில் இருந்தவர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டியது மோட்டார் லாஞ்சுகளின் பொறுப்பு. லெப்டினன்ட் பெர்சி டீன், தன்னார்வ ரிசர்வ்காரர், 40 வயது, எம்.எல். 282 என்ற லாஞ்சைக் கொண்டு உள்ளே போனார். மிக அருகிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, 100 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டார். திரும்பும்போது சுக்கான் வேலை செய்யவில்லை, இரண்டு இன்ஜின்களையும் கூட்டிக் குறைத்தே படகைத் திருப்பி வெளியே வந்தார். அதற்கு முன், கால்வாயை விட்டுக் கிளம்பும்போதே, தண்ணீரில் ஓர் அதிகாரி கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு மறுபடியும் உள்ளே திரும்பியிருந்தார். பலகையும் பெட்ரோலுமான 80 அடிப் படகில்!

ரோலண்ட் பூர்க் இன்னொருவர். கனடாவில் பழத்தோட்டம் வைத்திருந்தவர். கண் பார்வை சரியில்லை என்று படையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். மோட்டார் படகுப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. 1918 மே மாதம் ஆஸ்டெண்ட் துறைமுகத்தில் எல்லோரும் வெளியேறிய பிறகு, தண்ணீரில் குரல் கேட்டு, எம்.எல். 276ஐ மறுபடி உள்ளே கொண்டுபோய், கவிழ்ந்த சிறு படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த மூன்று பேரைத் தூக்கினார். படகில் 55 இடங்களில் அடி. இருவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

அமெரிக்காவில் வில்லியம் கே. வாண்டர்பில்ட் தன் ‘டாரண்டுலா’வைக் கொடுத்து, தானே அதிகாரியாகச் சேர்ந்து அதை நடத்தினார். அந்தப் படகு 1918 அக்டோபர் 28இல் ஒரு டச்சுக் கப்பலோடு மோதி நியூயார்க் கரைக்கு அப்பால் மூழ்கியது. போர் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது.

வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு டீனையும் பூர்க்கையும் காட்டுவேன். கடற்படைக்கு அந்தக் கிளப்களிலிருந்து கிடைத்த பெரிய சொத்து படகுகள் இல்லை. இருட்டில் கரை ஓரமாகப் படகு நடத்தத் தெரிந்த, கார்புரேட்டர் அடைத்தால் தானே கழற்றி மாட்டத் தெரிந்த ஆயிரக்கணக்கான ஆட்கள்தான் அந்தச் சொத்து. நீராவியில் வளர்ந்த கடற்படையில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

கேள்வி: இரண்டாம் உலகப் போரிலும் இப்படி நடந்ததா?

பதில்: நடந்தது. 1940 மே 14இல் பி.பி.சி. வானொலியில் ஓர் அறிவிப்பு: 30 முதல் 100 அடி வரை நீளமுள்ள, இன்ஜின் வைத்த உல்லாசப் படகுகளின் உரிமையாளர்கள் 14 நாட்களுக்குள் விவரம் அனுப்ப வேண்டும். அதே பட்டியல் போடும் முறை! அந்தக் கெடு முடிவதற்குள்ளேயே, பிரான்சின் டன்கிர்க் கரையில் சிக்கிய வீரர்களைக் கடல் வழியே மீட்க வேண்டிய நெருக்கடி வந்துவிட்டது. டைட்டானிக்கின் இரண்டாம் அதிகாரியாக இருந்து பிழைத்த சார்லஸ் லைட்டோலர், தன் ‘சன்டவுனர்’ படகை யாரிடமும் ஒப்படைக்க மாட்டேன், நானே ஓட்டுவேன் என்று ஜூன் 1இல் கிளம்பிப் போய் 120க்கு மேற்பட்டவர்களை ஏற்றி வந்தார்.

கேள்வி: போருக்குப் பிறகு அந்தப் படகுகள் என்ன ஆயின? எதையாவது இப்போது பார்க்க முடியுமா?

பதில்: தனியாரிடம் எடுத்தவற்றில் பெரும்பாலானவை 1918 கடைசியிலும் 1919இலும் உரிமையாளர்களிடமே திரும்பிப் போயின. மோட்டார் லாஞ்சுகளை ஏலத்தில் விற்றார்கள், இன்ஜினைக் கழற்றிவிட்டு ஆற்றில் கட்டிப்போட்டு வீடாக வைத்துக்கொண்டவர்கள் நிறைய பேர். மரம் என்பதால் பெரும்பாலானவை மக்கிப்போய்விட்டன. பார்க்க வேண்டுமானால் ரோம் நகரின் விட்டோரியானோ நினைவுக் கட்டடத்தில் ரிட்சோ ஓட்டிய ‘மாஸ் 15’ இருக்கிறது. இங்கிலாந்தில் ஏகர் ஓட்டிய சி.எம்.பி. 4ஐயும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். லைட்டோலரின் ‘சன்டவுனர்’ ராம்ஸ்கேட் துறைமுகத்தோடு சேர்ந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.